வெங்காயத்துக்கு இட்டது கிணற்றில் ஊறுகிறது

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பாய்ந்து கோடையிற் புழுதி பறக்கும் வழுக்கையாற்றை நாம் ஆறு என்று அழைப்பது நம்மவரின் பெருந்தன்மையைக் காட்டுமேயன்றி ஆற்றின் பெருமையைக் காட்டாது. மலை இல்லை; மலைவழி இறங்கிவரும் வாய்க்காலும் இல்லை. இருந்தும் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் ஆண்டின் பெரும்பகுதி பச்சைப்பசேலென நிற்கின்றன. எங்ஙனம்? ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும் மழையை நிலம் குடிக்கின்றது. கீழேயுள்ள சுண்ணாம்புக் கற்பாறையின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் அதனைச் சேமித்து வைக்கின்றது. எஞ்சிய மாதங்களிற் கிணற்றின் வழியாக நமக்குத் திருப்பித் தருகின்றது. இறைவன் நமக்கு ஆற்றைத் தராவிடினும் மறைவானதொரு நீர்த்தொட்டியைத் தந்திருக்கின்றார் எனலாம்.

இத்தொட்டிக்கு அடித்தளம் கடல்நீரே. மழைநீர் கடல்நீரிலும் பாரம் குறைந்ததாகையால் அதன்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் உண்டு என்பது நீரியல் அறிஞரின் பொதுக் கணக்கு. மேலே 1 அடியை இறைத்துக் குறைத்துவிட்டாலோ, கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலெழ முயலும். புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று. உவர் ஏறுவதை நம் மக்கள் நன்கு அறிவர். முதல் மிடறிலேயே நாக்கு சொல்லிவிடும். ஆனால் நாக்குக்கும் மூக்கிற்கும் கண்ணுக்கும் அகப்படாத பிறிதொரு பொருள் மேலிருந்து அதே கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கின்றது. அதனைப் பற்றியே ஈண்டு எழுத எண்ணினோம்.

மண் பிடித்து வைப்பதும் விட்டு விடுவதும்

பயிருக்கு வேண்டிய பேருணவுகள் மூன்று: நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம். கடையில் மூடையாய் விற்கப்படும் பசளைகள் யாவும் இம்மூன்றில் ஒன்றையோ பலவற்றையோ கொண்டவை. மூன்றும் மண்ணில் விழுந்தபின் ஒரே விதமாய் நடந்துகொள்வதில்லை. நம் கமக்காரர் பலர் இவ்வேற்றுமையை அறியாதிருப்பதற்குக் காரணம் அவர்களது அறிவின்மை அன்று. மூடையின் மேல் அது எழுதப்பட்டிருப்பதில்லை.

களிமண் துணிக்கைகளும், இலைகுழை உக்கி உண்டாகும் உக்கலும் மறையேற்றம் உடையவை. ஆகவே நேரேற்றம் உடைய பொருள்களை அவை தம்மோடு ஈர்த்து வைத்துக்கொள்ளும். அமோனியமும் பொற்றாசியமும் அத்தகையன. பொசுபேற்று வேறு வழியாக மண்ணிற் பிடிபடுகின்றது: செம்மண்ணின் இரும்போடும் சுண்ணாம்பின் கல்சியத்தோடும் இறுகிப்போய் இட்ட இடத்தை விட்டு அதிகம் நகராது. ஆண்டுதோறும் இடுகின்ற பொசுபேற்று மேல்மண்ணிலேயே குவிந்துகிடக்க, நாமோ மீண்டும் மீண்டும் வாங்கி இடுகின்றோம். நைத்திரேற்று மட்டும் மண்ணைப் போலவே மறையேற்றம் உடையது. மண் அதனை ஏற்காது. நீர் போகும் வழியெல்லாம் அதுவும் போகும். வேர் எட்டும் ஆழத்தில் அகப்பட்டால் பயிருக்கு, தப்பினால் கிணற்றுக்கு.

இது புதிதாய்க் கண்டுபிடித்த செய்தி அன்று. 1850ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் வே என்னும் இரசாயன அறிஞர் மண்ணின் ஊடாக அமோனியாக் கரைசலை வடியவிட்டுப் பார்த்தார். அமோனியா மண்ணிலே தங்கிற்று. அதற்கு ஈடாகச் சுண்ணாம்பு வெளியே வந்தது. அந்நாட்டின் றொதம்ஸ்ரெட் என்னும் இடத்தில் லோஸ், கில்பேட் என்னும் இருவர் 1843இல் தொடங்கிய கோதுமை வயல் ஆராய்ச்சி இன்றுவரை நிற்காது நடைபெறுகின்றது. அவ்வயலின் அடியிற் பதிக்கப்பட்ட ஓட்டுக்குழாய்களின் வழியே வடிந்த நீரை 1860களிற் சோதித்தபோது, அதில் நைத்திரேற்று மிகுதியாகவும் பொசுபேற்று மிக அற்பமாகவும் காணப்பட்டன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே தெரிந்திருந்த உண்மை வலிகாமத்துத் தோட்ட வரம்புக்கு வந்து சேர இத்துணைக் காலம் சென்றிருக்கின்றது!

இனி யூரியாவின் கதையைக் காண்போம். யூரியா மின்னேற்றம் அற்றது. ஆகையால் இட்டவுடன் பாத்தி நிரம்ப நீர் பாய்ச்சினால், மாற்றம் அடையுமுன்னரே நீரோடு கீழிறங்கிவிடும். மேலே தூவிவிட்டு நீர் காட்டாது விட்டாலோ, சுண்ணாம்புத் தன்மையுள்ள நம் மண்ணில் அதன் ஒரு பகுதி அமோனியா வாயுவாகிக் காற்றிற் கலக்கும். தோட்டத்தில் மூக்கைத் துளைக்கும் வாசனை எழுகின்றதென்றால் காசு பறக்கின்றதென்று பொருள். எஞ்சியது சில நாட்களில் அமோனியமாக மாறும். அந்நிலையில் மண் அதனைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் ஓய்ந்திருப்பதில்லை. நம் நாட்டின் வெப்பத்தில் அவை இரண்டொரு வாரங்களில் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றிவிடுகின்றன. அதன்பின் ஒரு பெருமழையோ மிதமிஞ்சிய ஓர் இறைப்போ போதும்.

நெல்வயலில் நிலைமை சற்று வேறு. நீர் தேங்கி நிற்கும் சேற்றிற் காற்று இல்லாமையால் நைத்திரேற்றின் பெரும்பகுதி மீண்டும் நைதரசன் வாயுவாகி வானுக்குப் போய்விடுகின்றது. கமக்காரனுக்கு அது நட்டமே. கிணற்றுக்கு அவ்வளவு கேடில்லை. செம்மண் தோட்டத்திலோ நீர் தேங்காது. தேங்காதிருப்பதே அம்மண்ணின் சிறப்பு என்று நாம் புகழ்ந்து வந்திருக்கின்றோம். வெங்காயம் அழுகாமல் விளைவதும் அதனாலேதான். அந்தச் சிறப்பே இவ்விடயத்திற் கேடாய் முடிகின்றது. பல இடங்களில் மண்ணின் ஆழம் சில அடிகளே. அதன்கீழ் சுண்ணாம்புப் பாறை. பாறையிலோ நீர் வடிகட்டப்படாமல் ஓடத்தக்க பொந்துகள்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் காலே நீருக்கு அளவுகோலாய் இருந்தது. ஒருவர் துலாவில் நடக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, ஒருவர் பாத்தி கட்ட, மூவர் சேர்ந்து வியர்வை சிந்திப் பாய்ச்சிய நீரை எவரும் வீணாக்கத் துணியார். 1950களிலும் அதன் பின்னும் இறைக்கும் இயந்திரம் பரவியது. இளைஞரின் முதுகெலும்பை அது காப்பாற்றிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் விசையைத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் வசதி வந்தபின், பாத்தி வழிந்தாலும் பார்ப்பாரில்லை. பசளையின் பெருக்கமும் நீரின் பெருக்கமும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் நம் தோட்டங்களுக்கு வந்தன. ஒன்று மட்டும் வந்திருந்தால் கேடு இத்துணைப் பெரிதாய் இராது.

ஒரு மூடையின் கணக்கு

எண்களைக் கண்டு அஞ்சாத வாசகர்கள் எம்மோடு சற்றுக் கணக்குப் பார்க்க வேண்டுகிறோம். அஞ்சுபவர்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கலாம்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ. இது முழுவதும் நைத்திரேற்றாக மாறினால் ஏறத்தாழ 102 கிலோ நைத்திரேற்று கிடைக்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. ஆகவே ஒரு மூடை யூரியா முழுவதும் நிலத்தடிக்குப் போய்ச் சேர்ந்தால், 20 இலட்சம் லீற்றர் தூய நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுவர அது போதும். முழுவதும் போகாது, மூன்றில் ஒரு பங்கு போகின்றதென்று வைத்துக்கொள்வோம். அதுவும் ஏறத்தாழ 7 இலட்சம் லீற்றரைக் கெடுக்கும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு 500 லீற்றர் செலவிட்டால் மூன்றரை ஆண்டுக்கு மேல் பாவிக்கத்தக்க நீர் அது. வெங்காயத் தோட்டக்காரர் எவரும் ஆண்டுக்கு ஒரு மூடையோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்க.

கணக்கின் மறுபக்கம் இன்னும் சுவையானது. ஓர் ஏக்கர் தோட்டத்துக்கு ஒரு போகத்தில் மொத்தம் 500 மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் அது 20 இலட்சம் லீற்றர் ஆகும். கிணற்றிலே நைத்திரேற்று 50 மில்லிகிராம் இருந்தால், அந்நீரோடு சேர்ந்து 23 கிலோ நைதரசன், அஃதாவது சரியாக ஒரு மூடை யூரியா, தோட்டத்துக்கு வந்து சேர்கின்றது. 100 மில்லிகிராம் இருந்தால் இரண்டு மூடை. சென்ற ஆண்டு காசு கொடுத்து வாங்கிக் கிணற்றிலே போட்ட பசளையை இவ்வாண்டு இறைத்துப் பயிருக்கு ஊற்றிக்கொண்டு, அதை அறியாமலே கடைக்குப் போய்ப் புதிதாய் இன்னொரு மூடைக்குக் கடன் சொல்லுகின்றோம்! நம் கமக்காரர் கடன்படுவதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் இந்தக் கடன் வீண் கடன் என்பதில் எமக்கு ஐயமில்லை.

வலிகாமத்துக் கிணறுகளில் 1980களில் நடைபெற்ற ஆய்வுகளிலேயே, தோட்டச் செய்கை மிகுந்த பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று எல்லை கடந்திருந்தமை வெளியாயிற்று. போர் முடிவுற்ற 2009ஆம் ஆண்டின் பின் நடைபெற்ற ஆய்வுகளும் அதனையே உறுதிசெய்துள்ளன. பசளை ஒன்றே இதற்குக் குற்றவாளி என்று கூறுவது நியாயம் அன்று. நெருக்கமான குடியிருப்புகளில் மலசலகூடக் குழியும் கிணறும் அருகருகே இருப்பதும், மாட்டுத்தொழுவத்துக் கழிவு வடிந்து போவதும் இதே நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. சாணம் இயற்கையானதாகையால் எவ்வளவு குவித்தாலும் தீங்கில்லை என்று எண்ணுவோரும் உளர். நிலத்தடி நீருக்கு அவ்வேற்றுமை தெரியாது. யூரியாவிலிருந்து வந்த நைத்திரேற்றும் எருவிலிருந்து வந்த நைத்திரேற்றும் ஒன்றே. எரு அதனை மெல்ல விடுகின்றது என்பதே அதன் நன்மை.

தாய்மாருக்கு ஒரு சொல்

வளர்ந்தோர் உடலுக்கு இந்த நைத்திரேற்று உடனடியாகத் தீங்கு செய்வது அரிது. ஆபத்து யாருக்கென்றால், ஆறு மாதம் நிறையாத, போத்தற்பால் குடிக்கும் குழந்தைக்கு. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்னும் மருத்துவர் இதனை முதன்முதல் எடுத்துரைத்தார். பண்ணை வீடுகளிற் கிணற்று நீரிற் கரைத்த பால் குடித்த குழந்தைகளின் உடல் நீலம்பாரித்தது. நீரை மாற்றியதும் அவை தேறின. குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு; அங்கே பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அது குருதியிலுள்ள செந்நிறப் பொருளைத் தாக்கி ஒட்சிசனைச் சுமக்க இயலாததாக்கி விடுகின்றது. குழந்தை மூச்சு விட்டபடியே மூச்சுத் திணறுகின்றது. உதடும் நகக்கண்ணும் முதலில் நீலமாகும்.

வீடு சந்திக்கச் சென்ற இடத்தில் இதனைச் சொன்னபோது ஒரு தாய், "சுவாமி, நாங்கள் தண்ணியைக் கொதிக்க வைச்சு ஆறவிட்டுத்தானே பால் கரைக்கிறம்?" என்று கேட்டார். நல்ல வினா, பலர் உள்ளத்திலும் இருப்பது. கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. மாறாக, 4 லீற்றர் நீரைக் கொதிக்க வைத்து அது 3 லீற்றராக வற்றினால், 50 மில்லிகிராம் இருந்த நைத்திரேற்று 67 மில்லிகிராமாகச் செறிவடையும். துணியில் வடிப்பதாலோ, மண்பானையில் ஊற்றி வைப்பதாலோ, குளோரீன் இடுவதாலோ அது நீங்குவதில்லை. ஆகவே கொதிக்க வைப்பதை நிறுத்த வேண்டா. அது வேறு நோய்களுக்கு வேலி. ஆனால் குழந்தையின் பாலுக்கு வேறு நீர் தேட வேண்டும்.

அதனினும் எளிய வழி ஒன்று உண்டு. தாய் அருந்தும் நீரில் உள்ள நைத்திரேற்று தாய்ப்பாலில் ஆபத்தான அளவில் வந்து சேர்வதில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்று குடும்பநல மாது சொல்லுவது தோட்டங்கள் நிறைந்த நம் கிராமங்களில் இரட்டிப்பு நியாயம் உடையது. தாயை இழந்த குழந்தைக்கும், பால் சுரக்காத தாயின் குழந்தைக்கும் பரிசோதிக்கப்பட்ட நீரைத் தேடிக் கொடுப்பது அக்குடும்பத்தின் கடமை மட்டும் அன்று, அயலாரின் கடமையுமாகும். ஏனெனில் அந்தக் கிணற்றைக் கெடுத்தது அந்த வீட்டுப் பசளை மட்டும் அன்று.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. நம் ஊர்க் காணி உறுதிகளிலே வழி வாய்க்கால் உரிமையும் கிணற்றுப் பங்கும் எழுதப்பட்டிருக்கும். எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று நுணுக்கமாய்ப் பிரித்து, அதற்காக நீதிமன்றப் படி ஏறவும் தயங்காதவர் நாம். வேலியை ஒரு முழம் தள்ளி நட்டால் உடன்பிறந்தாரும் முகம் பாரார். பங்குத்தந்தை போய்ச் சமாதானம் பேசி எத்தனையோ தேநீர் குடித்தாயிற்று. ஆனால் நிலத்தின் கீழே ஓடும் நீருக்கு உறுதியும் இல்லை, வேலியும் இல்லை. நாம் இங்கே இடுவது அங்கே ஊறுகின்றது. அதற்காக இதுவரை எவரும் வழக்குத் தொடுத்ததாய் நாம் அறியோம்.

பசளையே வேண்டாமா?

அப்படியானால் செயற்கைப் பசளையை அடியோடு விட்டுவிடுவோம் என்று கூற எமக்கு மனம் இல்லை. 1909இல் யேர்மானிய அறிஞர் ஹேபர் காற்றிலுள்ள நைதரசனை ஐதரசனோடு சேர்த்து அமோனியா ஆக்கிக் காட்டினார். 1913இல் பொஷ் என்பவர் அதனைப் பேராலையாக நிறுவினார். இன்று உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு அம்முறையால் வந்த நைதரசனில் தங்கியிருக்கின்றது என்பது அறிஞர் மதிப்பீடு. அதே ஹேபர் 1915இல் பெல்ஜியத்து ஈப்பர்ப் போர்க்களத்தில் குளோரீன் நச்சுவாயுவைத் திறந்துவிடும் பணியை முன்னின்று நடத்தினார் என்பதும் வரலாறு. ஒரே மனிதர், ஒரே அறிவு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலில் மண்ணையும் நீரையும் மாசுபடுத்துவனவற்றுள் பசளைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுள்ளார். அவர் அறிவை வெறுக்கச் சொல்லவில்லை என்பதை அம்மடலை முழுவதும் வாசிப்போர் உணர்வர்.

பசளை இல்லாத வாழ்வு எப்படி இருக்கும் என்பதை நம் மக்கள் ஏட்டிற் படித்து அறிய வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வடக்குக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் யூரியாவும் ஒன்று. வெடிபொருள் ஆகும் என்பது காரணம். மறுபடியும் 2021 வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதற்கும் தடைசெய்யப்பட்டது. நோக்கம் நல்லதென்று சொன்னார்கள். ஆனால் நெடுங்காலமாய்ப் பழகிய நிலத்தை ஒரே போகத்தில் மாற்ற எண்ணியது மண்ணை அறிந்தவர் செய்யும் செயல் அன்று. நெல் விளைச்சல் விழுந்தது; அரிசி இறக்குமதி செய்ய நேர்ந்தது; கார்த்திகையில் தடை தளர்த்தப்பட்டது. ஒரு மூடை யூரியாவின் நைதரசனைச் சாணத்திலிருந்து பெற வேண்டுமாயின், ஈரச்சாணத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு நைதரசன் என்று கொண்டால், நாலரைத் தொன்னுக்கு மேல் வேண்டும். அத்துணைச் சாணத்துக்கு மாடு எங்கே? மாட்டுக்குப் புல் எங்கே? இக்கேள்விகளை அன்று கேட்டிருக்க வேண்டும்.

கொத்துபவன் கேட்ட தவணை

லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் காய்க்காத அத்திமரத்தின் உவமை வருகின்றது. வெட்டிவிடு என்கின்றார் உரியவர். இன்னும் ஓராண்டு தவணை கேட்கின்றார் தோட்டக்காரர். மனமாற்றத்துக்கான இறைவனின் பொறுமை என்று மறையுரைகளில் இதனை விளக்குவோம். அதுவே அதன் பொருள். ஆயினும் அத்தோட்டக்காரர் தொழில் தெரிந்தவர் என்பதையும் கவனிக்க வேண்டும். முதலில் மரத்தைச் சுற்றிக் கொத்துவதாகவும் அதன்பின் எருப் போடுவதாகவும் கூறுகின்றார். தோட்டம் முழுவதும் வீசி எறிவதாகச் சொல்லவில்லை. இறுகிய மண்ணை முதலில் இளக்கி, வேர் இருக்கும் இடம் பார்த்து எரு வைக்கின்றார். விளைவுக்குக் காலமும் கேட்கின்றார். விவசாயப் போதனாசிரியர் எவரும் இதனிற் குறை காணமாட்டார்.

நம் முன்னோரும் இத்தொழிலை அறிந்திருந்தனர். பூவரசங் குழையும் வேப்பங் குழையும் வெட்டித் தாழ்த்தினர். வேலியிலும் கூரையிலும் உழைத்து ஓய்ந்த பழைய பனையோலையைக் கிழித்து மண்ணுக்குள் புதைத்தனர். ஆட்டுப்பட்டி அடைத்தனர். சீமெந்துத் தகடும் மதிலும் வந்தபின் ஓலைக்கு எங்கே போவது என்று கேட்பது நியாயமே. ஆனால் குழைக்கு வேலியோரக் கிளிசீடியா இன்னும் நிற்கின்றது. இவற்றின் பயனை இன்றைய அறிவு வேறு சொற்களிற் சொல்லுகின்றது. ஓலை போன்ற நார்ப்பொருள் உக்கும்போது அதனை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் மிதக்கும் நைத்திரேற்றைத் தம் உடலுக்குள் எடுத்துக்கொள்ளுகின்றன; பின்னர் அவை மடியும்போது மெல்ல மெல்லப் பயிருக்கு விடுகின்றன. அஃதாவது கிணற்றுக்குப் போக இருந்ததை அவை தடுத்து நிறுத்தி வைக்கின்றன. உக்கல் பெருகினால் மண்ணின் பிடிப்பும் பெருகும். நீரும் சற்று நின்று போகும்.

மிகவும் கவலை தருவது அறுவடைக்கும் மாரிக்கும் இடைப்பட்ட காலமே. வெங்காயம் பிடுங்கியபின் தோட்டத்தில் எஞ்சிய நைத்திரேற்றை உறிஞ்ச ஒரு வேரும் இல்லை. வெறும் மண்ணின்மேல் ஐப்பசி மழை இறங்குகின்றது. ஆண்டின் பெருங்கசிவு அப்போதுதான் நிகழ்கின்றது. அவ்விடைவெளியிற் சணலோ பயறோ குரக்கனோ விதைத்துவிட்டால், அது எஞ்சியதைப் பிடித்து வைக்கும். பின்னர் உழுது தாழ்த்தினால் அடுத்த பயிருக்கு அதுவே பசளை. விதைச் செலவு சிறிது. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும்படி இஸ்ரயேலருக்கு இடப்பட்ட கட்டளையை லேவியர் நூலில் வாசிக்கின்றோம். இரண்டு பரப்புத் தோட்டத்தை வைத்துப் பிள்ளை குட்டிகளைப் படிப்பிக்கும் ஒருவரிடம் அவ்வாறு ஓராண்டு ஓய்வு கொடு என்று சொல்லும் துணிவு எமக்கில்லை. இரண்டு மாதச் சணல் என்றால் சொல்லலாம்.

யூரியாவை ஒரே முறையில் கொட்டாது மூன்று நான்கு முறையாய்ப் பிரித்து, பயிர் வளரும் வேகத்துக்கேற்ப இடுக. மழை கறுத்து நிற்கும் நாளில் இடாதீர். இட்டபின் மண்ணோடு கலந்து, வேர் நனையும் அளவுக்கு மட்டும் நீர் பாய்ச்சுக. கமநல சேவைகள் நிலையத்தில் விசாரித்து மண்ணைப் பரிசோதிப்பித்தால், பொசுபரசு இட வேண்டிய தேவையே இல்லாத தோட்டங்கள் சில இருப்பதும் தெரியவரலாம். அது நேரே கையில் மிஞ்சும் காசு. கிணற்று நீரின் நைத்திரேற்று அளவு தெரிந்தால், மேலே சொன்ன கணக்கின்படி கிணறு தரும் மூடையிற் பாதியையேனும் கழித்துக்கொண்டு மீதியை வாங்குக. புகையிலை பசளைக்கு அடங்காத பயிர். அதனைப் பற்றி எமக்கு வேறு முறைப்பாடுகளும் உண்டு. அவை பிறிதொரு மாதத்துக்கு ஆகட்டும்.

எரிக்கோ நகரத்தார் எலிசா இறைவாக்கினரிடம் வந்து, ஊர் நல்லது, ஆனால் தண்ணீர் கெட்டது, நிலமும் பயன் தரவில்லை என்று முறையிட்டதை அரசர் இரண்டாம் நூலிற் காண்கின்றோம். அவர் ஊற்றுக்கே சென்று அதனைக் குணமாக்கினார். நமக்கு அந்த வரம் இல்லையாயினும், ஊற்றில் என்ன இருக்கின்றது என்று பார்க்கும் வசதியேனும் உண்டு. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் காட்டும் இடத்திலோ நைத்திரேற்றைச் சோதிப்பிக்கலாம். ஆய்வுகூடம் போத்தல் தந்தால் அதனையே பாவியுங்கள். இல்லையேல் சுத்தமான போத்தலை அதே கிணற்று நீரால் இருமுறை அலசி, வாளியின் மேல்மட்டத்திலிருந்தன்றி நடுவிலிருந்து நிரப்பி இறுக மூடுங்கள். வெயில் படாமல், இயலுமாயின் குளிரில் வைத்து, அன்றோ மறுநாளோ கொண்டுபோய்ச் சேர்ப்பியுங்கள். ஒரு முறை பார்த்ததோடு நின்றுவிடாது, மாரி தொடங்கியபின் ஒரு முறையும் கோடை முடிவில் ஒரு முறையும் பார்த்தால் அளவு ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பது புலப்படும். அன்பியக் கூட்டத்தில் நாலைந்து வீட்டார் சேர்ந்து போத்தல்களை ஒரே நாளில் எடுத்துச் சென்றால் போக்குவரத்துச் செலவு குறையும். கைக்குழந்தை உள்ள வீடுகளின் போத்தல்கள் முதலிற் போகட்டும்.